குரோம் கொன்சோல்: நல்ல கருவி, அரேயை விரிக்கும்போது கவனம்

கிளிநொச்சியில் பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு ஜாவாஸ்கிரிப்ட் சொல்லிக் கொடுக்கிறேன். வகுப்பில் எந்நேரமும் திறந்து கிடப்பது குரோம் உலாவியின் கொன்சோல்தான், அதாவது கோட் அச்சிடுவதையும் பிழைகளையும் காட்டும் பகுதி. காசில்லை, தனியாக எதையும் நிறுவவும் தேவையில்லை. பிழை வந்தால் பக்கத்திலிருக்கும் வரி எண்ணை அழுத்தினால் போதும், நேரே அந்த இடத்துக்குக் கொண்டுபோய் விடும். புதிதாகப் படிக்கிறவர்களுக்குத் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். ஆனால் அரேயை, அதாவது மதிப்புகளை வரிசையாக வைத்திருக்கும் பட்டியலை, காட்டும் விதத்தில் பெரிய குறை ஒன்று இருக்கிறது.

காலபோகத்தில் மூன்று வயல்களின் நெல் மூடைக் கணக்கு [40, 25, 60] என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை லொக் பண்ணி (console.log, கொன்சோலில் அச்சிடுவது), அடுத்த வரியிலேயே பொப் (pop) போட்டுக் கடைசி எண்ணை எடுத்துவிடுங்கள். கொன்சோலில் மேல் வரி (3) [40, 25, 60] என்று நிற்கும். பக்கத்து முக்கோணத்தை அழுத்தி விரித்தால் உள்ளே 40, 25 மட்டும்தான், நீளம் 2. மேல் வரி லொக் ஓடிய நேரத்துக் கணக்கு. உள்ளே இருப்பது நாம் முதன்முதல் விரித்த நேரத்துக் கணக்கு. அதற்குப் பிறகு அரே எவ்வளவு மாறினாலும் விரித்த பகுதி அப்படியே நிற்கும். பக்கம் ஓடி முடிந்த பிறகுதான் கொன்சோலைத் திறந்தீர்கள் என்றால் மேல் வரியையும் நம்ப முடியாது.

வரிசைப்படுத்தும் சோர்ட்டில் (sort) பிள்ளைகள் இன்னும் குழம்புகிறார்கள். அது அரேயை இருந்த இடத்திலேயே மாற்றுவதால், முன்னும் பின்னும் போட்ட இரண்டு லொக்கும் விரித்தால் ஒரே வரிசையில் இருக்கும். சரியாக எழுதிய கோட் வரிகளை அழித்துவிட்டுத் திரும்ப எழுதத் தொடங்குகிறார்கள்.

ஒவ்வொரு லொக்குக்கும் குரோம் முழு அரேயையும் நகலெடுத்தால் வேகம் குறையும், நினைவகமும் நிரம்பும். அது நியாயம்தான். ஆனால் எச்சரிக்கை என்று இருப்பது ஒரு சின்னத் தகவல் அடையாளம் மட்டுமே. மவுஸை அதன்மேல் வைத்தால்தான் விளக்கம் வரும். அதைக் கண்ணில் படும்படி எழுத்தில் போட வேண்டும்.

அதுவரை, அரேயை ஜேசன் ஸ்ட்ரிங்கிஃபை (JSON.stringify) பண்ணி எழுத்தாக அச்சிடலாம். அரேயில் அன்டிஃபைன்ட் (undefined, மதிப்புக் கொடுக்காதது) இருந்தால் அது நல் (null, வெற்று மதிப்பு) ஆகிவிடும். அரேயை நகலெடுக்கும் ஸ்ட்ரக்சர்ட் குளோன் (structuredClone) அதைக் காப்பாற்றும், ஆனால் ஃபங்ஷன் உள்ளே இருந்தால் பிழை எறியும். எனக்குப் பிடித்தது பிரேக்பாயின்ட், அதாவது ஓட்டத்தை ஒரு வரியில் நிறுத்தும் குறி: கோட் அங்கேயே நிற்பதால் அரே அந்த நேரத்தில் இருப்பது போலவே தெரியும். என் வகுப்பில் லொக்குக்கு அடுத்த பாடம் அதுதான்.