புல்லட் சீட்டில் செதுக்கிய தோலுக்கு எது சரி: சாயமா, பெயின்ட்டா, இரும்புக் கறுப்பா?

வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு புல்லட்டில் கல்யாணத்துக்குப் போனவர், மறுநாள் அந்த வேட்டியை என் பட்டறையில் விரித்துக் காட்டினார். பின்பக்கம் கையகலத்துக்குச் சிவப்பு. ஐப்பசித் தூறலில் நனைந்த, ஒருவர் மட்டும் உட்காரும் சோலோ சீட் அது. அதில் தாமரை செதுக்கிச் சிவப்புச் சாயம் ஏற்றியவன் நான். சாயத்தில் குறை இல்லை. மேலே தங்கிய சாயத்தை நான் முழுசாகத் துடைத்து எடுக்கவில்லை. உட்காரும் இடத்தில் அவ்வளவு சிவப்பு ஏற்றியதும் தவறு. அன்றிலிருந்து ஒவ்வொரு கலரையும் வெட்டுத் துண்டில் போட்டு, ஈரப் பனியன் துணியால் நூறு முறை தேய்த்துப் பார்க்காமல் சீட்டில் வைப்பதில்லை.

செதுக்குவதற்கு மரப்பட்டையில் பதம்செய்த தோல்தான் வேண்டும். குரோம் உப்பில் பதம்செய்த குரோம் தோல் ஈரப்படுத்தி அழுத்தினாலும் பழையபடி எழுந்துவிடும், கோடு நிற்காது. நம் ஊரில் திண்டுக்கல், ஈரோடு பக்கம் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதம்செய்த தோல் இந்த வகைதான். இப்போது ஆவாரம்பட்டையின் இடத்தை பெரும்பாலும் வாட்டில் மரத்தின் பட்டை பிடித்துவிட்டது. இந்தத் தோல் எதையும் குடித்துவிடும். சாயத்தைக் குடிக்கும், மழையைக் குடிக்கும், வெயிலில் தானாகவே கறுத்துக்கொண்டும் போகும். இன்றைக்கு நீங்கள் பார்க்கும் இளம் பழுப்பு ஆறு மாதம் கழித்து அப்படியே இருக்காது. கலர் தேர்ந்தெடுக்கும்போதே இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

ஆல்கஹாலில் கரைத்த ஸ்பிரிட் சாயம்தான் எனக்கு முதல் தேர்வு. 1895 முதல் அமெரிக்காவின் மில்வாக்கியில் இயங்கும் ஃபீபிங்ஸ் நிறுவனத்தின் சாயங்கள் இந்த வகையில் பேர்போனவை. ஆல்கஹால் சாயத்தைத் தோலுக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டு ஆவியாகிவிடும். மேலே படலம் எதுவும் இல்லாததால் செதுக்கிய ஒவ்வொரு கோடும் கூர்மையாகத் தெரியும், தோலின் ரேகை மறையாது, சீட் வளைந்தாலும் வெடிக்க ஒன்றும் இல்லை. குறை என்னவென்றால், தோலின் எண்ணெயையும் அது வறட்டிவிடும். இரண்டாம் நாள் கையில் எடுத்தால் அட்டை மாதிரி விறைப்பாக இருக்கும். மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெய் மெல்லிய பூச்சாகக் கொடுத்து ஒரு நாள் விட வேண்டும். இன்னொன்று, உள்ளே போகாத சாயத்தூள் மேலேயே தங்கிவிடும், கறுப்பிலும் சிவப்பிலும் இது அதிகம். துணியில் கலர் ஒட்டாத வரைக்கும் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். என் தாமரையில் நான் விட்டது இந்த வேலையைத்தான். நான்கு துணி கறையானதும் போதும் என்று நிறுத்தினேன், ஐந்தாவது துணியிலும் சிவப்பு இருந்தது.

தண்ணீரில் கரையும் சாயத்துக்கு நாற்றம் கிடையாது. வீட்டுக்குள் குழந்தைகளை வைத்துக்கொண்டு வேலை செய்பவர்களுக்கு இது பெரிய விஷயம். மெதுவாகக் காய்வதால் இதழின் அடியில் அடர்த்தி, நுனியில் வெளிர் என்று கலந்துவிட நேரமும் கிடைக்கும். ஆனால் வண்டிக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதிகமாக ஈரம் பட்டால் அழுத்தி இறக்கிய பின்புலம் கொஞ்சம் மேலே வந்துவிடும், செதுக்கல் மழுங்கும். மேல்பூச்சில் எங்கேயாவது ஒரு விரிசல் விழுந்தால் முதல் மழையிலேயே கலர் கசியும். சுவரில் மாட்டும் படத்துக்கோ, பர்ஸுக்கோ அது போதும்.

அக்ரிலிக் பெயின்ட் வேறு ஜாதி. ஏஞ்சலஸ் போன்ற தோல் பெயின்ட்டுகள் தோலின் மேலேயே படலமாக உட்காரும். சாயத்தில் ஒருபோதும் வராத வெள்ளை இதில் வரும், அடர் தோலின் மேல் மஞ்சளும் வரும். நிறமித் துகள் என்பதால் வெயிலுக்குச் சாயத்தைவிட நன்றாகத் தாங்கும். சாயத்தில் நீலமும் ஊதாவும் எவ்வளவு சீக்கிரம் வெளிறும் என்பது வண்டியை நாள் முழுக்கத் தெருவில் நிறுத்துபவர்களுக்குத் தெரியும். ஆனால் தடிமனாக அடித்தால் நுண்ணிய கோடுகள் அடைபட்டுப் போகும், வளையும் இடத்தில் வெடிக்கும். தண்ணீர் கலந்து பால் பதத்தில் மூன்று நான்கு கை, ஒவ்வொரு கையும் நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்தது. அடியில் அதே நிறச் சாயம் ஒரு கை கொடுத்துவிட்டால், பின்னாளில் பெயின்ட் உரசிப் போனாலும் வெற்றுத்தோல் பல்லிளிக்காது. சீட்டின் நடுவில் பெயின்ட் வேண்டவே வேண்டாம். ஜீன்ஸ் துணி உப்புத்தாள் மாதிரி, தினமும் தேய்க்கும். டூல் பை, சேடில் பேக் மூடி, டேங்க் பட்டி ஆகியவற்றில் யாரும் உட்காருவதில்லை, அங்கே தாராளமாக அடியுங்கள். சீட்டிலேயே வேண்டுமென்றால் பூவைச் சுற்றிக் கீழே இறக்கிய குழிகளில் மட்டும் அடிக்கலாம், துணி அங்கே எட்டாது.

கறுப்பு சீட் என்றால் மேலே சொன்ன எதுவும் எனக்குத் தேவையில்லை. எண்ணெய் போகக் கழுவிய இரும்புக் கம்பிப் பஞ்சை வெள்ளை வினிகரில் போட்டு, மூடியை இறுக்காமல் இரண்டு வாரம் வைக்க வேண்டும். வாயு வெளியேற வழி இருக்கணும். வடிகட்டி, பட்டைத் தோலில் தடவுங்கள். முதலில் சாம்பல், அப்புறம் நீலம் கலந்த கறுப்பு, கண்ணெதிரே மாறும். பட்டையிலிருந்து தோலில் ஏறிய டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்து பிறக்கும் நிறம் அது. தோலே கறுப்பாகிவிடுகிறது, அதனால் துணியில் ஒட்டுவதும் குறைவு. கலம்காரிக்காரர்கள் இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் ஊறவைத்து, கடுக்காய் ஏற்றிய துணியில் கறுப்புக் கோடு இழுப்பதும் இதே வேதியியல்தான். எனக்கு அதை நினைத்தாலே சந்தோஷமாக இருக்கும். தோலில் டானின் குறைவாக இருந்து நிறம் சாம்பலிலேயே நின்றால், முன்கூட்டியே கடுந்தேநீர் ஒரு கை பூசலாம். குரோம் தோலில் இது வேலை செய்யாது. நிறம் பிடித்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் துடைத்து அமிலத்தைப் போக்க வேண்டும், பிறகு எண்ணெய். அமிலத்தை அப்படியே விட்டால் தோல் நாளாக நாளாக இற்றுப்போகும். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. திரவம் ஓரங்களில் ஊர்ந்து பரவும், பூவை விட்டுச் சுற்றி மட்டும் கறுப்பு என்பது இதில் கைக்கு அடங்காது.

எதைப் போட்டாலும் மேல்பூச்சு ஒன்று வேண்டும். ரெசோலீன் மாதிரி அக்ரிலிக் பூச்சைச் சரிபாதித் தண்ணீர் கலந்து, ஸ்பாஞ்சால் மெல்லிய இரண்டு கை. எண்ணெய் உள்ளே இறங்குவதற்கு முன் பூசினால் உரிந்து வரும். தேன்மெழுகு மட்டும் போதும் என்று சிலர் சொல்வார்கள். சித்திரை வெயிலில் நின்ற வண்டி சீட்டில் கை வைத்துப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

வேட்டிக்காரருக்குப் புது சீட் செய்து கொடுத்தேன். உட்காரும் இடம் முழுக்க இரும்புக் கறுப்பு, செதுக்கலே இல்லை. தாமரை பின்விளிம்புக்குப் போய்விட்டது. அது ஸ்பிரிட் சாயத்தில் அடர் பழுப்பு, குழிகளில் மட்டும் சிவப்புப் பெயின்ட். அதைத் துடைத்த ஏழாவது துணி வெள்ளையாக வந்தது, அந்தத் துணியையும் சீட்டோடு சேர்த்து அவரிடம் கொடுத்தேன்.