கடைசி நாட்கள்: ஐசியூவா, ஹாஸ்பிஸா, வீடா?

புற்றுநோய் முற்றிவிட்டது, இனி குணமாகாது என்று டாக்டர் சொன்ன பிறகு எங்கே வைத்துப் பார்ப்பது என்ற கேள்வி வரும். நோயாளியைத் தவிர எல்லோரையும் கேட்டு முடிவெடுப்பதுதான் நம் வீடுகளில் வழக்கம்.

நிமோனியா போல மருந்தில் சரியாகக்கூடிய சிக்கல் என்றால் ஐசியூவுக்குத் தயங்காமல் போகலாம். ஆனால் நோய் முற்றி உறுப்புகள் ஒவ்வொன்றாக நிற்கும்போது வென்டிலேட்டர் நாட்களைத் தள்ளிப்போடும், நோயை மாற்றாது. தொண்டையில் குழாய் இருப்பதால் பேசவும் முடியாது. மகளிடம் சொல்ல நினைத்ததை எப்போது சொல்வது? “ஒண்ணுமே செய்யாம விட்டுட்டாங்க” என்று ஊர் பேசுமே என்ற பயத்தில் மட்டும் அங்கே சேர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஹாஸ்பிஸ் வேறு மாதிரி. நோயைக் குணமாக்க முயலாமல், வலியையும் அவதியையும் குறைத்துக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் இடம் அது. 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் நர்ஸாக இருந்து, சமூகப் பணியாளராகி, அப்புறம் டாக்டரானவர். உடம்பு வலியோடு பயம், குடும்பக் கவலை, ‘எதற்காக வாழ்ந்தேன்’ என்ற தவிப்பு எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றார். இந்தியாவில் 1986-இல் மும்பையில் சாந்தி அவேத்னா சதன் வந்தது. இன்றும் பல ஊர்களுக்கு ஹாஸ்பிஸ் எட்டாத தூரம்தான்.

வீட்டுப் பராமரிப்புக்குக் கேரளம் வழிகாட்டியது. 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர்கள் ராஜகோபால், சுரேஷ்குமார் போன்றோர் தொடங்கிய முயற்சி, அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களும் நர்ஸும் வீடு தேடிப் போகும் இயக்கமாக வளர்ந்தது. 2008-இல் அரசே கொள்கை வகுத்தது. தமிழ்நாட்டிலும் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இப்படி வலியையும் அவதியையும் குறைக்கும் ‘நோய் ஆதரவு சிகிச்சை’ வீட்டிலேயே உண்டு.

என் தேர்வு வீடுதான். ஆனால் கடும் வலிக்கு டாக்டர் எழுதிய மார்ஃபின் மருந்து கையில் இருக்க வேண்டும், ராத்திரியில் கூப்பிட ஒரு நம்பர் வேண்டும், பார்த்துக்கொள்பவரை மாற்றிவிட இன்னொருவர் வேண்டும். பெரும்பாலும் மனைவியோ மருமகளோ தனியாகத் தூக்கமின்றி நொந்துபோகிறார். அப்படியானால் ஹாஸ்பிஸே நல்லது. மார்ஃபினுக்கு அடிமையாகிவிடுவார் என்று பயந்து வலியில் விடாதீர்கள். முறையாகக் கொடுத்தால் அந்த ஆபத்து மிகக் குறைவு. மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்து மருந்து கேளுங்கள்.

எந்த வழியானாலும், எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று நினைவு தெளிவாக இருக்கும்போதே நோயாளியிடம் கேட்டு எழுதி வையுங்கள். 2018-இல் உச்ச நீதிமன்றம் இந்த முன்விருப்ப ஆவணத்தை ஏற்றது. 2023-இல் நடைமுறை எளிதானது: இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்று போதும்.