கணவாய்க் காற்றில் மூன்று கார்கள்: பிளக்-இன் ஹைபிரிட், ஸ்ட்ராங் ஹைபிரிட், மின்கார்

பாலக்காட்டுக் கணவாயில், கேரள-தமிழ்நாடு எல்லையை ஒட்டிய எங்கள் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பாலக்காடு சுமார் 25 கிலோமீட்டர். வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர் சுமார் 35. பொள்ளாச்சியும் ஏறக்குறைய பாலக்காட்டுத் தூரம்தான். எங்கள் எல்லைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் வேலைக்கும் காலேஜுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடுகிற கார் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒரு ஊருக்குப் போய்த் திரும்பும். ஆக, ஒரு நாள் ஓட்டம் 50 முதல் 70 கிலோமீட்டர். அப்புறம் எப்போதாவது நெடும்பாசேரி ஏர்போர்ட், குருவாயூர், பழனி, விருந்தாளிகள் வந்தால் நெல்லியாம்பதி மலை.

இந்த ஓட்டத்தைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தால் பிளக்-இன் ஹைபிரிட்டை நமக்காகவே செய்தது போலிருக்கும். ராத்திரி வீட்டில் சார்ஜ் போட்டால் முதல் 50, 60 கிலோமீட்டர் கரண்டில் ஓடும். அதற்கு மேல் பெட்ரோல் என்ஜின் பார்த்துக்கொள்ளும். இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் என் சித்தி மகள் அப்படி ஒன்றுதான் வைத்திருக்கிறாள். “அண்ணா, பங்க் பக்கம் போயே ரொம்ப நாளாச்சு” என்பாள். அவள் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே உள்ள தூரம் அப்படி. அதே வண்டி இங்கே வந்தால் என்ன ஆகும், ஸ்ட்ராங் ஹைபிரிட்டும் (பெட்ரோல் என்ஜினோடு, ஓடும்போதே தானாகச் சார்ஜ் ஆகும் குட்டி பேட்டரியும் மோட்டாரும் உள்ள கார்) முழு மின்காரும் அதற்குப் பக்கத்தில் எப்படி நிற்கும் என்பதைத்தான் பார்க்கப்போகிறேன்.

முதலில் விளம்பர எண்ணை ஓரம் வைக்க வேண்டும். டொயோட்டா ரேவ்4 பிளக்-இன் வண்டியின் முந்தைய தலைமுறைக்கு ஐரோப்பிய சோதனை தந்த எண், 100 கிலோமீட்டருக்கு 1 லிட்டர். லிட்டருக்கு 100 கிலோமீட்டர் மைலேஜ் என்று யாராவது சொன்னால் நம் ஊரில் சிரிப்பார்கள், ஆனால் அது பொய் இல்லை. வண்டிக்காரர் ஒழுங்காகச் சார்ஜ் போடுவார், ஓட்டத்தில் பெரும்பங்கு கரண்டில்தான் நடக்கும் என்று அந்தச் சோதனை முன்கூட்டியே ஒரு பங்கு வகுத்துக்கொள்கிறது. நிஜத்தில் அப்படி நடப்பதில்லை. ஐரோப்பிய ஆணையம் 2021-இல் பதிவான கார்களிலிருந்தே தரவெடுத்து 2024 மார்ச்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. பிளக்-இன் ஹைபிரிட்டுகள் சாலையில் விடும் கார்பன், சோதனைக்கூட எண்ணைப் போல சராசரியாக மூன்றரை மடங்கு என்றது அது. பிரிட்டனில் கம்பெனி கொடுத்த பிளக்-இன் கார்களில் சார்ஜிங் கேபிள் உறைகூடப் பிரிக்கப்படாமல் டிக்கியில் கிடந்ததாகவும் முன்பு செய்தி வந்தது. பெட்ரோலுக்குக் கம்பெனி பணம் தரும்போது யார் கேபிளைத் தேடுவார்கள்?

சார்ஜ் போடாவிட்டால் என்ன நஷ்டம் என்பதற்கு அதே ரேவ்4 நல்ல சாட்சி. அமெரிக்க அரசின் சோதனைப்படி பிளக் வசதி இல்லாத அதன் சாதா ஹைபிரிட் லிட்டருக்கு ஏறக்குறைய 17 கிலோமீட்டர் தரும். பிளக்-இன் வண்டி, பேட்டரி காலியான பிறகு, 16-ஐச் சற்றே தாண்டும். 18.1 யூனிட் (கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான்) பேட்டரியின் கனம் அது. இருநூறு கிலோவுக்கு மேல் கூடுதல் பாரத்தை எப்போதும் இழுத்துக்கொண்டு போகிறது. சார்ஜ் போட்டால் அதே சோதனையில் 67 கிலோமீட்டர் கரண்டிலேயே ஓடும். ஆனால் சுவர் மீட்டரில் 100 கிலோமீட்டருக்கு 22 யூனிட் ஏறும், சார்ஜ் ஆகும்போது வீணாவதையும் சேர்த்து.

மற்ற இரண்டும் எளிது. மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் ஸ்ட்ராங் ஹைபிரிட்டுகளுக்குச் சொல்லப்படும் மைலேஜ் 27.97. நம் சாலையில், ஏசி போட்டு, 20 முதல் 22 என்று வைத்துக்கொள்ளலாம். அவற்றின் பேட்டரி ஒரு யூனிட்டுக்கும் குறைவு. வெளியிலிருந்து சார்ஜ் போடவே முடியாது. முழு மின்காரில் டாடா நெக்ஸானின் 45 யூனிட் மாடலுக்குச் சோதனை ரேஞ்ச், அதாவது ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம், 489 கிலோமீட்டர். சாலையில் 350 முதல் 370 வரை எதிர்பார்க்கலாம் என்று டாடாவே தனியாக ஓர் எண்ணைச் சொல்லிவிடுகிறது. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. சுவரிலிருந்து அளந்தால் 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் என்பது இந்த அளவு வண்டிக்கு நியாயமான கணக்கு.

ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் ஏறக்குறைய 9 யூனிட் சக்தி இருக்கிறது. லிட்டருக்கு 22 கிலோமீட்டர் தரும் ஹைபிரிட் 100 கிலோமீட்டருக்கு 40 யூனிட்டுக்கு மேல் எரிக்கிறது. மின்கார் அதே தூரத்தை 15-இல் முடிக்கிறது. நல்ல ஹைபிரிட் என்ஜினும் எரிபொருள் சக்தியில் அதிகபட்சம் நூற்றுக்கு 40 பங்கு அளவைத்தான் வேலையாக மாற்றும், மீதி வெப்பமாகப் போய்விடும்.

இனி நம் ஊர் விஷயம். எல்லா ஒப்பீடுகளும் சமதளச் சாலையை நினைத்து எழுதப்படுகின்றன. கணவாயில் சமதளம் கண்ணுக்கு மட்டும்தான். பாலக்காடு கடல் மட்டத்திலிருந்து 80 மீட்டர் அளவில் இருக்கிறது, கோயம்புத்தூர் 400 மீட்டரைத் தாண்டி. வாளையாறு வழியில் ஸ்டியரிங் பிடிப்பவருக்கு மலை ஏறுகிறோம் என்றே தெரியாது, ஆனால் 300 மீட்டருக்கு மேல் ஏறியிருப்பார். ஆளோடு சேர்த்து இரண்டு டன் எடையுள்ள வண்டியை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் ஒன்றரை யூனிட்டுக்கு மேல் வேண்டும். பெரிய பேட்டரி மின்காரில் இதைக் கவனிக்கவே மாட்டோம். பிளக்-இன் வண்டியின் 18.1 யூனிட் பேட்டரியில் மொத்தமாகப் பயன்படுவதே 13, 14 யூனிட் என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது.

காற்றைச் சேர்த்தால் இன்னும் வேடிக்கை. ஆனி, ஆடியில் காற்று மேற்கிலிருந்து கிழக்காகக் கணவாயைக் குடைந்துகொண்டு வரும். அப்போது கோவைக்கு ஏறும்போது காற்று முதுகில் தள்ளும், பாலக்காட்டுக்கு இறங்கும்போது முகத்தில் அடிக்கும். ஏற்றமும் காற்றும் ஒன்றையொன்று ஓரளவு ஈடுகட்டிவிடும். கார்த்திகை முதல் தை வரை தலைகீழ். மலையாளிகள் விருச்சிகக் காற்று என்று சொல்லும் கிழக்குக் காற்று அது. அந்த மாதங்களில் கோவைக்குப் போகிறவருக்கு ஏற்றமும் எதிர்காற்றும் ஒன்றாக வரும். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டிக்கு எதிரே 20 கிலோமீட்டர் வேகக் காற்று வந்தால் காற்றுத் தடை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். பெயரளவில் 67 கிலோமீட்டர் ரேஞ்ச் உள்ள பிளக்-இன் வண்டி வேலந்தாவளம் வழியாகக் கோவை போய்த் திரும்பும் 70 கிலோமீட்டரை, போகவும் வரவும் சேர்த்துப் பார்த்தால், எந்தப் பருவத்திலும் ஏறக்குறைய ஒரே கணக்கில்தான் ஓடும், வீடு வந்து சேர்வதற்குள் என்ஜின் கிளம்பிவிடும். மார்கழியில் மட்டும் பேட்டரியின் பெரும்பங்கு கோவைக்கு ஏறும்போதே கரைந்துவிடும். வெயில் காலத்து ஏசியும் சேர்ந்துகொண்டால் மணிக்கு ஒரு யூனிட் தனியாகப் போகும். பங்குனியில் பாலக்காடு 40 டிகிரி தொடும் ஊர், ஏசியை அணைத்துவிட்டு ரேஞ்ச் சேமிக்கச் சொல்பவர் இங்கே வந்து ஓட்டிப் பார்க்கட்டும்.

நெல்லியாம்பதி மூன்றின் குணத்தையும் காட்டிவிடும். போத்துண்டி அணையைத் தாண்டி மலைப்பாதையில் ஆயிரம் மீட்டர் ஏறுவதாக வைத்துக்கொண்டால், இரண்டு டன்னுக்கு 5.4 யூனிட். மோட்டார் இழப்பையும் சேர்த்தால் 6-ஐத் தாண்டும். மலைக்கு முன்னால் வரும் நெம்மாறை ஊரை அடைவதற்குள் பாதி பேட்டரியைச் செலவழித்துவிட்ட பிளக்-இன் வண்டி ஏற்றத்தின் மேல் பாதியில் பெட்ரோலுக்குத்தான் மாறும். இறங்கும்போதுதான் அதன் அழகு. இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டர்போலச் சுழன்று வேகத்தைக் குறைப்பதால், காலியாக இருக்கும் பேட்டரிக்குள் மூன்று யூனிட்டுக்கு மேல் பிரேக்கிலிருந்தே திரும்பிவரும். அடிவாரத்திலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு அதுவே போதும். ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. அதன் குட்டி பேட்டரி முதல் சில வளைவுகளிலேயே நிரம்பிவிடும், பிறகு இறங்கும் சக்தியெல்லாம் என்ஜின் பிரேக்கிங்கில் வீணாகும். மலைச்சாலையில் ஹைபிரிட் மைலேஜ் குறைகிறதே என்று புலம்புகிறவர்கள் பலருக்கு இந்தக் காரணம் தெரியாது. மின்கார் இங்கே எளிதாக ஜெயிக்கிறது. ஒன்றே ஒன்று, மேலே தங்கும் இடத்தில் 100 சதவீதம் சார்ஜ் போட்டுக்கொண்டு இறங்கக் கூடாது. திரும்பிவரும் கரண்டை வாங்க பேட்டரியில் இடம் இருக்காது.

சரி, பணம். மாதம் 25 நாள், தினம் 50 கிலோமீட்டர், அதாவது 1250 கிலோமீட்டர் என்று எடுப்போம். பெட்ரோல் லிட்டருக்கு 105, கரண்ட் யூனிட்டுக்கு 8 ரூபாய். ஸ்ட்ராங் ஹைபிரிட் லிட்டருக்கு 20 தந்தால் ஏறக்குறைய 6,500 ரூபாய். தினமும் சார்ஜ் போடும் பிளக்-இன் சுமார் 2,200. நெக்ஸான் அளவு மின்கார் 1,500. சார்ஜே போடாத பிளக்-இன் 8,200, நான்கிலும் மோசம். எல்லைக்காரர்கள் எல்லோரும் செய்வதுபோல தமிழ்நாட்டுப் பக்கத்து பங்கில் டேங்கை நிரப்பினால் லிட்டருக்கு நான்கைந்து ரூபாய் மிச்சமாகும். ஆனால் அதனால் இந்த வரிசை மாறாது.

கரண்ட் பில்லில் ஒரு கொக்கி உண்டு. கேரள மின்வாரியத்தில் வீட்டு உபயோகம் மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டுகளுக்குக் குறைந்த விலை என்ற அடுக்குச் சலுகை போய், முதல் யூனிட்டிலிருந்தே ஒரே விலை. மாதம் 150 யூனிட் ஓடும் வீட்டில் மின்கார் 190 யூனிட் கூட்டும், ரேவ்4 போன்ற பிளக்-இன் 275. இரண்டுமே கோட்டைத் தாண்ட வைக்கும். காருக்கு மட்டுமான செலவைப் பார்க்காமல் பழைய பில்லையும் புதிய பில்லையும் கழித்துப் பார்க்க வேண்டும். கூரையில் சோலார் போட்டிருக்கும் வீடுகளுக்கு இந்தத் தலைவலி குறைவு.

சார்ஜ் போடும் வசதியில் பிளக்-இன்தான் முதல். சாதாரண 15 ஆம்பியர் பாயிண்ட் போதும், ஐந்தாறு மணி நேரத்தில் நிரம்பிவிடும். மழைக்காலத்தில் ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லையா, காலையில் பெட்ரோலில் போகலாம். மின்கார் வைத்திருப்பவருக்கும் அன்று பெரிய ஆபத்து இல்லை, 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் வண்டியில் நேற்றைய மிச்சம் இருக்கும். நெடும்பாசேரிக்குப் போய்வரும் 280 கிலோமீட்டர் நாளில் மட்டும் வித்தியாசம் தெரியும். மின்காருக்கு வழியில் ஒரு ஃபாஸ்ட் சார்ஜர் நிறுத்தம் மனசில் இருக்க வேண்டும். பிளக்-இன் முதல் 60 கிலோமீட்டருக்குப் பிறகு கனமான பெட்ரோல் கார் ஆகிவிடும். ஸ்ட்ராங் ஹைபிரிட் எதையும் யோசிக்காமல் போய்வரும், அன்றைக்கு மூன்றிலும் நிம்மதி அதற்குத்தான்.

கடைசியில் வாங்கும் விலை. ரேவ்4 பிளக்-இன் இந்தியாவில் விற்கப்படுவதில்லை. இங்கே வந்த பிளக்-இன்கள் பணக்காரர் வண்டிகள். 2022 டிசம்பரில் வந்த பி.எம்.டபிள்யூ எக்ஸ்.எம். விலை 2.60 கோடி. வரியும் அதன் பக்கம் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் மின்காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், பெரிய ஹைபிரிட்டுக்கு 40. செருகிச் சார்ஜ் போடுவதற்கென்று தனிச் சலுகை கிடையாது.

ஆகவே என் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் இப்படித்தான் சொல்வேன். சொந்தமாகக் கார் நிறுத்த இடமும் அங்கே ஒரு 15 ஆம்பியர் பாயிண்டும் இருந்து, ஓட்டம் பாலக்காடு, பொள்ளாச்சி, கோவைக்குள் என்றால் மின்கார். வாடகை வீடு, தெருவில் நிறுத்தம், வாரா வாரம் கொச்சி என்றால் ஸ்ட்ராங் ஹைபிரிட். இருபது, இருபத்தைந்து லட்சத்துக்குள் ஒரு பிளக்-இன் என்றாவது வந்தால், ஷோரூமில் மூன்று எண்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: பேட்டரி காலியானபின் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை சதவீதத்தில் என்ஜின் தானாகக் கிளம்பும், ஏசியோடு 80-இல் போனால் கரண்டில் எத்தனை கிலோமீட்டர். டெஸ்ட் டிரைவை வாளையாறு ஏற்றத்தில் வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் மார்கழியில்.