பிராக்டிகல் நேர்ஸிங்கிற்கு முதல் எந்த வழி: பிரீ-ஹெல்த்தா, அப்கிரேடிங்கா, இரவு வகுப்பா, பிஎஸ்டபிள்யூவா?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பிராக்டிகல் நேர்ஸிங் (பிஎன்) டிப்ளோமா இரண்டு வருடம், நான்கு செமஸ்டர். அதை முடித்து, 2022 முதல் நடக்கும் ரெக்ஸ்-பிஎன் என்ற உரிமச் சோதனையில் தேறி, தாதியரைப் பதியும் அமைப்பான சிஎன்ஓவில் பதிந்தால் நீங்கள் ஆர்பிஎன், அதாவது பதிவுபெற்ற பிராக்டிகல் நேர்ஸ். இது ரொறன்ரோவின் ஸ்கார்பரோவில் பலருக்கும் தெரிந்த பாதைதான். குழப்பம் எல்லாம் அதற்கு முந்திய வருடத்தில்தான்.

கல்லூரிகள் கேட்பது பெரும்பாலும் ஒன்றே: 12ஆம் வகுப்பு ஆங்கிலம், 11 அல்லது 12ஆம் வகுப்புக் கணிதம், உயிரியல், இரசாயனவியல். கல்லூரிக்குக் கல்லூரி சிறு வித்தியாசம் இருக்கும். 19 வயது நிரம்பியவர்கள் 'மெச்சூர் ஸ்டூடன்ட்' ஆக விண்ணப்பிக்கலாம் என்பதைக் கேட்டுவிட்டு, பாடங்களே தேவையில்லை என்று நினைப்பவர்கள் கனபேர். ஹைஸ்கூல் டிப்ளோமா இல்லாவிட்டாலும் ஏற்பார்கள், ஆனால் பாடங்களைப் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கமாட்டார்கள். அந்தப் பாடங்களை எங்கே எடுப்பது என்பதில்தான் நான்கு வழிகள் போட்டி போடுகின்றன.

ஊரில், அதாவது இலங்கையில், உயர்தரத்தில் உயிரியல் பிரிவு படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை: எந்த வகுப்பிலும் சேர முதல் உங்கள் சான்றிதழை வெளிநாட்டுச் சான்றிதழ்களை மதிப்பிடும் ஐகாஸ் போன்ற இடத்தில் மதிப்பீட்டுக்குக் கொடுங்கள். விஞ்ஞானப் பாடங்கள் ஏற்கப்பட்டு, ஆங்கிலம் மட்டும் மிச்சமிருக்கலாம்.

முதலில், எல்லோரும் விசாரிக்கும் பிரீ-ஹெல்த், அதாவது சுகாதாரப் படிப்புகளுக்குக் கல்லூரியே நடத்தும் ஆயத்தப் படிப்பு. "அக்கா, அதைப் படித்தால் நேர்ஸிங் கட்டாயம் கிடைக்குமாம், உண்மையோ?" என்று கேட்பார்கள். உண்மையில்லை. சில கல்லூரிகள் தங்கள் பிரீ-ஹெல்த் மாணவர்களுக்கு முன்னுரிமை கொடுக்கின்றன, அதுவும் நல்ல புள்ளி இருந்தால்தான். இது ஒரு வருடச் சான்றிதழ், முழுநேரப் படிப்பு, செலவு சில ஆயிரம் டொலர். ஓசாப், அதாவது மாகாணத்தின் மாணவர் நிதியுதவி, கிடைக்கும். ஆனால் ஓசாப்புக்கு ஆயுள் எல்லை பொதுவாக 340 வாரம்; இந்த வருடமும் அதில் கழியும். பின்னாளில் டிகிரி செய்ய எண்ணுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இதில் இரண்டு வகையும் உண்டு: சான்றிதழ், டிப்ளோமாக்களுக்குப் போவது ஒன்று, அட்வான்ஸ்ட் டிப்ளோமா, டிகிரிக்குப் போவது மற்றது. பிஎன் மட்டும்தான் இலக்கு என்றால், கல்லூரி முதலாவதை ஏற்குமா என்று கேளுங்கள். ஏற்றால் கடினமான இரண்டாவதற்குள் போய்ப் புள்ளியைக் குறைத்துக்கொள்ளத் தேவையில்லை. பிரீ-ஹெல்த்தின் உண்மையான இலாபம் வேறு: வாரத்துக்கு ஐந்தாறு பாடம், ஒரே வாரத்தில் இரண்டு சோதனை என்ற ஓட்டத்துக்கு உடம்பு பழகிவிடும்.

அப்கிரேடிங், அதாவது பெரியவர்கள் பள்ளிப் பாடங்களை மீண்டும் படிக்கும் ஏஸ் வகுப்பு, இதற்கு நேர் எதிர். அரசாங்கம் பணம் கொடுப்பதால் கட்டணம் இல்லை. முதலில் ஒரு மட்டச் சோதனை வைத்து உங்களை உரிய இடத்தில் இருத்துவார்கள். பல இடங்களில் உங்கள் வேகத்திலேயே போகலாம். பின்னத்தையும் சதவீதத்தையும் பள்ளிக்கூடத்தோடு மறந்தவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. ஆபத்தும் அந்த வேகத்தில்தான். வேலை, பிள்ளைகள், வீட்டு விசேஷம் என்று இழுபட்டு, ஒரு வருடத்தில் முடிய வேண்டியது இரண்டு வருடமாகும். சர்வதேச மாணவர்களுக்கு இந்த இலவச வழி திறக்காது.

மூன்றாவது, கல்விச் சபைகளின் பெரியோர் பள்ளிகளும் இரவு வகுப்புகளும். ஸ்கார்பரோவில் சென்டர் ஃபோர் ஆல்டர்நேட்டிவ் ஸ்டடீஸ் இந்த வகை. ஒரு கிரெடிட் என்றால் 110 மணித்தியாலம். ஒன்று, இரண்டு பாடம் மட்டும் குறைவது என்றால் இதை நான் முதலில் சொல்வேன். ஆனால் பாடக் குறியீட்டைப் பார்த்துச் சேருங்கள். கல்லூரி மட்ட உயிரியல் 11ஆம் வகுப்பில் இருக்கிறது, எஸ்பிஐ3சி. கல்லூரி மட்ட இரசாயனவியல் 12இல் மட்டும்தான், எஸ்சிஎச்4சி. இது தெரியாமல் "11ஆம் வகுப்பு கெமிஸ்ட்ரி" என்று கேட்டால் பல்கலைக்கழக மட்டமான எஸ்சிஎச்3யூவில் போட்டுவிடுவார்கள். சும்மா இருந்த தலையிடியை விலைக்கு வாங்கின கதைதான். காசு கட்டினால் 95 புள்ளி தரும் தனியார் இடங்களைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. அந்த 95 முதல் செமஸ்டர் அனாட்டமியில் கைகொடுக்காது.

நேர்ஸிங்கின் அந்த முதல் வருடம் எப்படியிருக்கும்? ஒரு சின்னக் கணக்கு: வைத்தியர் எழுதியது 250 மில்லிகிராம், போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு 125 மில்லிகிராம். கொடுக்க வேண்டியது 10 மில்லிலீற்றர். இது இலேசு. அடுத்தது: 1000 மில்லிலீற்றர் சேலைன் 8 மணித்தியாலத்தில் ஏற வேண்டும், ஒரு மில்லிலீற்றருக்கு 15 துளி, நிமிடத்துக்கு எத்தனை? 31. இந்த மருந்துக் கணக்குச் சோதனையில் பல கல்லூரிகள் 90, சில 100 புள்ளியே கேட்கின்றன. எந்த வழியில் போனாலும் விகிதத்தையும் அலகு மாற்றத்தையும் கால்குலேட்டர் தொடாமல் செய்து பழகுங்கள்.

நான்காவது பிஎஸ்டபிள்யூ, அதாவது முதியோரையும் நோயாளிகளையும் பராமரிக்கும் உதவியாளர் படிப்பு. வீட்டுக்குச் சம்பளம் உடனே தேவை என்றால் வேறு பேச்சில்லை. கட்டிலில் இருந்து ஒருவரைத் தூக்கி நாற்காலியில் இருத்திப் பழகியவருக்கு, முதியோர் இல்லத்தில் நடக்கும் முதல் கிளினிக்கல் பயிற்சி பயம் தராது. சில கல்லூரிகளில் பிஎஸ்டபிள்யூவிலிருந்து பிஎன்னுக்குப் பாலப் படிப்பும் உண்டு. ஆனால் விஞ்ஞானப் பாடங்களை அங்கேயும் பெரும்பாலும் கேட்பார்கள். சம்பளமும் ஓவர்டைமும் பழகிவிட்டால் "அடுத்த வருடம் போவம்" என்பது பல வருடமாகிவிடுவதையும் பார்த்திருக்கிறேன்.

ஆக, ஒன்றிரண்டு பாடம் குறைந்தால் இரவு வகுப்பு. எல்லாம் மறந்துபோயிருந்தால் அப்கிரேடிங். முழுநேரம் படிக்க வசதி இருந்து, டிகிரி எண்ணமும் இருந்தால் பிரீ-ஹெல்த். சம்பளம் உடனே தேவை என்றால் பிஎஸ்டபிள்யூ. குறைந்தபட்சம் 60, 65 என்று போட்டிருப்பதை நம்பி எந்த வழியிலும் ஆறுதலாக இருக்க வேண்டாம். இடத்தைவிட விண்ணப்பம் கூடும்போது மேலே இருந்துதான் எடுப்பார்கள். ஊரிலோ இந்தியாவிலோ ஏற்கனவே தாதியாக வேலை செய்தவர்களுக்கு இந்த நான்குமே வேண்டாம். நேரே சிஎன்ஓவின் வெளிநாட்டுத் தகுதி மதிப்பீட்டைப் பாருங்கள்.

சமவாய்ப்புத் திகதி, அதாவது அதற்குள் வந்த விண்ணப்பங்களை எல்லாம் சமமாகப் பார்க்கும் நாள், பெப்ரவரி 1. ஐந்து தெரிவு போடலாம், ஒரே கல்லூரியில் மூன்றுக்கு மேல் இல்லை. ஐந்தையும் ரொறன்ரோவுக்குள்ளேயே முடிக்காதீர்கள். வடக்கு, கிழக்கு, தென்மேற்கு ஒன்ராறியோவின் சில கல்லூரிகளுக்கு 'லேர்ன் அண்ட் ஸ்டே' என்ற மாகாண அரசின் உதவிப்பணம் உண்டு. கட்டணமும் புத்தகமும் அதில் அடங்கும். பதிலுக்குப் படித்த ஒவ்வொரு வருடத்துக்கும் குறைந்தது ஆறு மாதம் அந்தப் பகுதியில் வேலை செய்ய வேண்டும்.

அப்புறம், ஊசிகள். கிளினிக்கலுக்கு முதல் காசநோய்ச் சோதனை, எம்எம்ஆர் (தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா மூன்றுக்குமான ஊசி), சிக்கன்பொக்ஸ் அம்மை, ஹெபடைடிஸ் பி எல்லாவற்றுக்கும் ஆதாரம் கேட்பார்கள். இடம்பெயர்வில் கார்ட் தொலைந்திருந்தால் குடும்ப வைத்தியரிடம் இரத்தப் பரிசோதனை செய்து எதிர்ப்புச் சக்தியைக் காட்டலாம். ஹெபடைடிஸ் பி மூன்று ஊசிகளுக்கு வழமையாக ஆறு மாதம் பிடிக்கும், ஆகவே அனுமதிக் கடிதம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.