முக்கொம்பா, மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவா?

திருச்சிக்கு வரும் சொந்தக்காரர்களுக்கு ஒரு காலைப் பொழுது மிச்சமிருந்தால் கேட்பது ஒன்றுதான்: "ஆத்தோரமா, அமைதியா எங்கயாச்சும் போலாமா?" நான் இரண்டு இடங்களைச் சொல்வேன். இரண்டும் ஒரே திட்டில்தான் இருக்கின்றன. முக்கொம்பில் ஆறு பிரிந்து வடக்கே கொள்ளிடமாகவும் தெற்கே காவிரியாகவும் போக, நடுவில் விழுந்த திட்டுதான் ஸ்ரீரங்கம். அதன் தலைமாட்டில் முக்கொம்பு. கொஞ்சம் கிழக்கே, மேலூர்ப் பக்கம், மேலணைக் காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா.

ஆற்றைப் பார்க்க வேண்டுமென்றால் முக்கொம்புதான். அதில் எனக்கு இரண்டாம் எண்ணமே கிடையாது. 1830களில் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை இங்கேதான் இருக்கிறது. 2018 ஆகஸ்ட் 22 அன்று கொள்ளிடத்து மதகுகளில் ஒன்பது வெள்ளத்தோடு போனதும் இங்கேதான். பிறகு புதுக் கதவணை கட்டினார்கள். ஆற்றில் தண்ணீர் புரண்டு வரும்போது கூட்டமும் சேர்ந்து வரும். ஆடிப்பெருக்கன்று நிற்கக்கூட இடம் இருக்காது. பறவை பார்க்க நான் போவது தண்ணீர் வடிந்த மாதங்களில். மணலுக்கு நடுவே குட்டை குட்டையாக நீர் தேங்கி, மீன் ஒதுங்கும். நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் அங்கே கூடிவிடும். ஒருமுறை கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்றதைப் பார்த்தேன். உடம்பு துடிக்கிறது, தலை மட்டும் ஆடாமல் கீழே குறி வைத்திருக்கிறது. சட்டென்று நேர்குத்தாக விழுந்து, கெண்டைக் குஞ்சோடு எழும்பியது. மதகோரச் சுழல் ஆளையே இழுத்துவிடும். பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கவே வேண்டாம்.

மேலூர்ப் பூங்காவில் ஆறு கண்ணில் படாது. 25 ஏக்கரில் 2015இல் திறந்தது. குளத்தில் படகு உண்டு, சிறுவர்களுக்கு விளையாட்டுத் திடல் உண்டு. அதற்காக மட்டும் போவது வீண் என்பேன். அங்கே பார்க்க வேண்டியது செடிகளைத்தான். பூ இருந்தால் வண்ணத்துப்பூச்சி வந்து தேன் குடித்துவிட்டுப் போய்விடும். தங்கிப் பெருக வேண்டுமென்றால் புழு தின்னும் செடி வேண்டும். எருக்கிலையைப் புரட்டிப் பாருங்கள்: கருப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டையோடு, முதுகில் மூன்று ஜோடிக் கரிய கொம்புகளோடு ஒரு புழு இருந்தால் அது வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை. எருக்கம்பாலின் நஞ்சு அதன் உடம்பில் சேர்வதால் பறவைகள் அதைத் தொடத் தயங்கும். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் எலுமிச்சை அழகியின் புழு இருக்கும். கிலுகிலுப்பைச் செடி இருந்தால் அங்கேயே நில்லுங்கள். நீல வரியன் வண்ணத்துப்பூச்சிகள் காய்ந்த தண்டையும் விடாமல் மொய்க்கும். வெயில் ஏறி இறகு சூடானால்தான் அவை பறக்கும் என்பதால் விடியற்காலையில் போய்ப் பயனில்லை. ஒன்பதரை, பத்து மணி சரியான நேரம். ஐப்பசி மழை விழுந்து செடியெல்லாம் துளிர்த்த பிறகு போனால் இன்னும் நிறையப் பார்க்கலாம்.

சனி, ஞாயிறு மட்டும்தான் முடியும் என்பவர்களை மேலூருக்கே அனுப்புவேன். கூட்டம் இருந்தாலும் ஒரு எருக்கஞ்செடிப் பக்கம் குத்தவைத்து உட்கார இடம் கிடைத்துவிடும். வாரநாளில் லீவு போட முடிந்தால் விடிந்ததும் ஜீயபுரம் வழியாக முக்கொம்பு போய்விடுங்கள். தண்ணீர் பாட்டில் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள், காலிப் பாட்டிலைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். அந்தக் குட்டைகளில் மிதக்கும் பிளாஸ்டிக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.