ஆறு பனிக்காலமும் ஒரு கரி அடுப்பும்

கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் பின்வளவில் நிற்கிற கரி அடுப்புக்கு இது ஆறாவது பனிக்காலம். கோடைக்கென்றுதான் வாங்கினேன். ஆனால் கோடையில் சனி, ஞாயிறு வந்தால் யார் வீட்டிலோ பிறந்தநாள், சாமத்தியவீடு, அரங்கேற்றம். ஒரு நாள் முழுக்க வீட்டில் நிற்பது குளிர்காலத்தில்தான். அப்படித்தான் இது பனிக்கால அடுப்பாக மாறியது. முதல் வருடம் மாமி ஜன்னலுக்குள்ளால் எட்டிப் பார்த்து, "தம்பி, உங்களுக்கென்ன விசரே, இந்தக் குளிருக்குள்ளை?" என்று கேட்டார்.

இதற்கு முன்னர் காஸ் அடுப்பு வைத்திருந்தேன். அதில் எரிகிற புரொப்பேன் சைபருக்குக் கீழ் 42 பாகை வரை ஆவியாகும் என்பதால் எங்கள் ஊர்க் குளிரில் எரியத்தான் செய்யும். ஆனால் சிலிண்டருக்குள் அழுத்தம் விழுந்துவிடும். காஸ் வெளியேற வெளியேற உள்ளே இருக்கிற திரவம் இன்னும் குளிர்ந்துபோகும். சிலிண்டரின் வெளியே வெள்ளையாக உறைபனி படிந்து, மிச்சம் எவ்வளவு என்று கோடு போட்டே காட்டும். அரைச் சிலிண்டரோடு ஜனவரியில் கோழிக்கால் சுட்டுப் பாருங்கள். வெந்துவிடும், தோல் மட்டும் முறுகாது.

கரி அடுப்புக்கு அந்தக் கவலை இல்லை. என்னுடையது இரண்டு அரைக்கோளம் சேர்ந்த உருண்டை அடுப்பு. 1952இல் சிக்காகோ பக்கம் ஜோர்ஜ் ஸ்டீபன் என்பவர், தான் வேலை செய்த உலோகப் பட்டறையில் நீரில் மிதக்கிற போயாவுக்காகச் செய்த உருண்டையை வெட்டி உண்டாக்கிய வடிவம் இது. திறந்த அடுப்பில் காற்று படுத்தின பாடு அவருக்குப் பொறுக்கவில்லை.

காற்றுத்தான் எனக்கும் முதல் எதிரி. இலை அசையாத நாளில் சைபருக்குக் கீழ் 15 என்றாலும் சமாளிக்கலாம். சைபருக்குக் கீழ் 3தான், ஆனால் மேற்குக் காற்று அடிக்கிறது என்றால் அந்த மெல்லிய இரும்புச் சுவர் சூட்டைப் பிடித்து வைக்காது, கரி மளமளவென்று தின்னும். இப்போது மேற்குப் பக்கம் நாலடி தள்ளி ஒரு தகரத் தடுப்பு வைத்திருக்கிறேன். வேறு எதற்குச் செலவழித்ததும் இந்த அளவுக்குப் பயன்படவில்லை.

இறைச்சிக்குப் புகை போடுவதற்குக் கரியை விளிம்போடு வளைத்துப் பாம்பு மாதிரி அடுக்கி ஒரு முனையில் மட்டும் தணல் வைப்பேன். அது மெதுவாக ஊர்ந்து போகும். கோடையில் அரை வட்டம் போதும், பனியில் முக்கால் வட்டம் வேண்டும். ஊரில் ஸ்திரிக்கைப்பெட்டிக்குப் போட்ட சிரட்டைக்கரி இங்கே கட்டியாக்கிப் பெட்டியில் வருகிறது. நின்று எரியும், சாம்பலும் குறைவு. மேலே இரண்டு மேப்பிள் கட்டை. உள்ளே வைக்கிற தண்ணீர்த் தட்டில் கொதிநீர்தான் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் முதல் அரை மணித்தியாலம் கரி அதைச் சூடாக்கவே உழைக்கும். மூடியைத் திறந்து பார்க்கிற ஆசையையும் விட்டுவிட வேண்டும்.

பன்றித் தோள் இறைச்சி என்றால் உள்ளே சூடு 70 பாகைக்குக் கிட்ட வந்து மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும். இறைச்சியின் ஈரம் ஆவியாகி அதைக் குளிர்விக்கிறது, அவ்வளவுதான். டிசம்பரில் நாலே முக்காலுக்கு இருட்டிவிடும். முன்பெல்லாம் டோர்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது அந்தக் கட்டத்தில் அலுமினியத் தாளில் சுற்றி வீட்டு அவணுக்குள் தள்ளிவிடுகிறேன். புகை ஏற வேண்டியது அதற்குள் ஏறிவிட்டிருக்கும். இது கள்ளவேலை என்கிற நண்பர்கள், சாப்பிடும்போது வித்தியாசம் கண்டுபிடித்ததில்லை.

சரி, பட்ட பாடுகள். இரண்டாவது வருடம் ஒரு காலை மூடியைத் தூக்கினால் அடுப்பு முழுசாகக் கூடவே எழும்பி வந்து ஒரு கால் கழன்று விழுந்தது. முதல் நாள் கோழியின் ஆவியும் கொழுப்பும் விளிம்பில் வடிந்து, இரவில் உறைந்து, மூடியை ஒட்டிவிட்டிருந்தன. சுடுதண்ணீர் ஊற்றினால் எனாமல் வெடிக்கும். மனைவியின் தலை காயவைக்கிற மெஷினை நீள வயரில் மாட்டி, பனிக்குள் முழங்காலில் இருந்து, அடுப்புக்குத் தலை உலர்த்தினேன். அந்தப் படம் இன்னும் குடும்ப வட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறது. இப்போது ஆற முதல் விளிம்பைக் கடதாசியால் துடைத்துவிடுகிறேன்.

மற்றது சாம்பல். பனிக்குள் கொட்டினால் அணையும்தானே என்று டெக்கின் ஓரத்தில் கொட்டினேன். மேலே பனி, அடியில் தணல். பலகையில் தட்டளவு கருவட்டம் விழுந்தது, இப்போதும் இருக்கிறது. இப்போது மூடியுள்ள இரும்பு வாளியில் இரண்டு நாள் வெளியே வைத்துத்தான் எறிகிறேன். குளிர் என்று அடுப்பைக் கராஜுக்குள் இழுக்கிறவர்களும் உண்டு. கதவைத் திறந்து வைத்தாலும் கூடாது. கரி விடுகிற கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

வயர் இல்லாத வெப்பமானி ஒன்று வாங்கினேன். கடுங்குளிரில் அதன் திரை அரைத் தூக்கத்தில் இருக்கும், மூன்றாம் வருடம் ஒரேயடியாகத் தூங்கிவிட்டது. கையில் பிடித்துக் குத்திப் பார்க்கிற சின்னதையே இப்போது ஜாக்கெட்டின் உள்பையில் சூடாக வைத்திருக்கிறேன். கோழி 74 பாகை காட்டினால் எடுத்துவிடுவேன்.

அடுப்பின் காலில் துரு, மூடியில் ஒரு இடத்தில் எனாமல் பெயர்ந்திருக்கிறது. மற்றபடி திடம். வருகிற சனி சைபருக்குக் கீழ் 11, காற்று இல்லையாம். ஆட்டுத்தொடை வாங்கியாயிற்று. மிஞ்சுகிறதை ஞாயிறு பிரட்டல் வைக்கலாம் என்று மாமி இன்றைக்கே சொல்லிவிட்டார்.