மெல்ல ஓடட்டும்: புது வீட்டில் இன்வெர்ட்டர் ஏசியோடு மூன்று கோடை

ஈரோடு மாவட்டம் சென்னிமலைக்குப் பக்கத்தில் கட்டிய வீட்டுக்கு 2023 தை மாதம் பால் காய்ச்சிக் குடிவந்தோம். மேலே எங்கள் அறை, கீழே அப்பா அம்மா அறை. இரண்டுக்குமே கடையில் சொன்னபடி ஒன்றரை டன், ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் ஏசி வாங்கி மாட்டினோம். அந்த ஏப்ரல், மே கணக்கில் 820 யூனிட் வந்தது. ஏசி போடாத காலத்தில் இரண்டு மாதத்துக்கு 220 யூனிட்டுக்குள் முடிகிற வீடு இது. அப்படியென்றால் ஏசிக்கு மட்டும் 600 யூனிட். இன்வெர்ட்டர் என்றால் கரண்ட் குறையும் என்றுதானே கூடுதல் காசு கொடுத்து வாங்கினோம்!

வயர்மேனைக் கூப்பிட்டு இரண்டு ஏசி லைனிலும் தனித்தனியாக சப் மீட்டர் போடச் சொன்னேன். மொத்த யூனிட்டோடு, அந்த நொடியில் எத்தனை வாட் ஓடுகிறது என்பதையும் காட்டுகிற வகை. ஏசி வாங்குகிறவர்கள் ஸ்டெபிலைசரைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் இதைப் போட வேண்டும் என்பேன். அதுவரை ஊகத்தில் பேசிக்கொண்டிருந்தோம், அதற்குப் பிறகு கண்ணால் பார்த்தோம்.

பழைய வகை ஏசியில் கம்ப்ரசர், அதாவது வாயுவை அழுத்தித் தள்ளுகிற மோட்டார், ஓடினால் முழு வேகம், இல்லாவிட்டால் நிற்கும். இன்வெர்ட்டரில் அந்த மோட்டாரின் வேகமே கூடிக் குறையும். போட்டவுடன் 1,500 வாட் இழுக்கும். அறை நாம் வைத்த டிகிரியை நெருங்க நெருங்க 900, 600 என்று இறங்கி, 350, 400 வாட்டில் விடியும்வரை முனகிக்கொண்டே ஓடும். மிச்சம் பிடிப்பது இந்த மெதுவான ஓட்டத்தில்தான். எங்கள் வீட்டில் அந்த ஓட்டத்துக்கே ஏசியை விடவில்லை என்பதை மீட்டர் காட்டிக்கொடுத்தது.

கீழ் அறையில் அப்பாவின் பழக்கம் ஒன்று. 18இல் வைத்து அரை மணி நேரம் ஓட்டுவார். சில்லென்று ஆனதும் அமர்த்திவிடுவார். புழுக்கத்தில் விழிப்பு வந்தால் மறுபடி 18. "ரூமு குளுந்துருச்சல்லொ சாமி, அப்பறம் எதுக்கு ஓடோணும்?" என்பார். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரு வாரம் அவர் வழியிலேயே விட்டுக் குறித்தேன்: ஒரு ராத்திரிக்குச் சராசரி 3.4 யூனிட். அடுத்த வாரம் 26இல் வைத்து, ஃபேனைக் குறைவாக ஓடவிட்டு, விடியும்வரை கை வைக்கவில்லை: 2.9 யூனிட். வெளியே வெயில் இரண்டு வாரமும் ஒரே மாதிரிதான்.

அப்பாவுக்குக் காரணம் சொல்ல எனக்குக் கைகொடுத்தது எங்கள் தோட்டத்து போர்வெல். ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. அறையில் இருக்கிற சூட்டை இறைத்து வெளியே கொட்டுகிறது. அதனால்தான் இந்த வகை இயந்திரத்துக்கே ஹீட் பம்ப் என்று பேர். தண்ணீரை எவ்வளவு ஆழத்திலிருந்து தூக்குகிறோமோ அவ்வளவு கரண்ட். உள்ளே 18, வெளியே 34 என்றால் ஆழம் அதிகம். 26 என்றால் பாதிதான். இன்னொன்றும் இருக்கிறது. போரில் பெரிய மோட்டாரைப் போட்டு வேகமாக இறைத்தால் தண்ணீர் மட்டம் மளமளவென்று கீழே போய்விடும், அதே தண்ணீரை இன்னும் ஆழத்திலிருந்து தூக்க வேண்டிவரும். மெல்ல இறைத்தால் ஊற்று ஈடுகொடுக்கும், மட்டம் மேலேயே நிற்கும். கம்ப்ரசர் முழு வேகத்தில் ஓடும்போது உள்ளே இருக்கிற குழாய்ச்சுருள், அதாவது காயில், அறையைவிட ரொம்பவே குளிர்ந்துபோகிறது, வெளியே இருக்கிற காயில் கொதிக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஆழம் கூடுகிறது. பாதி வேகத்தில் அதே காயில்களுக்கு வேலை பாதி, ஆழமும் குறைகிறது. அதனால் பாதிக் குளிருக்குப் பாதியைவிடக் குறைவான கரண்டே போதும்.

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப ஊத்துக்குத் தக்கன எறைக்கோணும்ங்கறே" என்றார். அதற்குப் பிறகு ரிமோட்டைத் தொடவில்லை.

நட்சத்திரக் குறி தருகிற மத்திய அரசின் பி.இ.இ. அமைப்பு, ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறது. 2020 ஜனவரியிலிருந்து புது ஏசிகள் போட்டவுடன் 24இல்தான் தொடங்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. எங்களுக்கு 26, ஃபேனோடு, தாராளமாகப் போதும்.

ஆனாலும் அந்தக் கீழ் அறையில் 2.9 என்பது அதிகம். பத்துக்குப் பத்து அறை, தலைக்கு மேலே மாடி, சுவரில் வெயில் படாது. ராத்திரி இரண்டு மணிக்கு மீட்டர் முன்னால் நின்று பார்த்தேன். 300 வாட், சட்டென்று 20, பத்து நிமிடம் கழித்து 1,000, மறுபடி 300, மறுபடி 20. கம்ப்ரசரின் மிகக் குறைந்த வேகமே அந்த அறைக்கு அதிகம். இன்வெர்ட்டருக்குக் காசு கொடுத்துவிட்டு, பழைய ஏசி மாதிரி நின்று நின்று ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். ஐப்பசி மழையில் அறை குளிர்ந்தும் போர்வை நமுத்துப்போனதற்கும் இதுதான் காரணம். கம்ப்ரசர் நின்ற பிறகும் உள்ளே காற்றாடி ஓடுவதால், காயிலில் கோர்த்திருந்த நீர் ஆவியாகி அறைக்கே திரும்பிவிடுகிறது.

ஏசியின் திறனைக் குறைத்து வைக்கிற கன்வெர்டிபிள் மோடில் 40 சதவீதம் வைத்துப் பார்த்தேன். பலன் இல்லை. அது உச்ச வேகத்தைத்தான் கட்டுப்படுத்துகிறது, அடிமட்ட வேகத்தை இறக்குவதில்லை. கடைசியில் அந்த ஏசியை அக்கா வீட்டு ஹாலுக்குக் கொடுத்துவிட்டு ஒரு டன் வாங்கினோம். இப்போது ஒரு ராத்திரிக்கு 1.8 யூனிட், ஈரமும் இல்லை. பெரிதாக வாங்கினால் பாதுகாப்பு என்கிற பேச்சை நம்பாதீர்கள். விவரத்தாளில் குளிரூட்டும் திறனை இத்தனையிலிருந்து இத்தனை வரை என்று போட்டிருந்தால், கீழ் எண்ணைப் பாருங்கள். அது எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது.

மேல் அறையின் கதை நேர் எதிர். அங்கே ஏசி நிற்கவே இல்லை, 1,200 வாட்டைவிட்டு நள்ளிரவுவரை இறங்கவும் இல்லை. ராத்திரிக்கு 7 யூனிட். ஈரோட்டு வெயில் பகல் முழுக்கத் தளத்தில் ஏறி, கான்கிரீட் வழியாக மெல்ல இறங்கி, நாம் படுக்கப்போகிற நேரத்தில்தான் உள்ளே வந்து சேர்கிறது. ஒன்பது மணிக்குச் சீலிங்கைத் தொட்டுப் பார்த்தால் தோசைக்கல்லை இறக்கிவைத்த மாதிரி இருக்கும். ஏசியில் குறை இல்லை, அதன் தலைமேல் அடுப்பு எரிகிறது. 2024 மாசியில் மொட்டைமாடிக்கு வெயிலைத் திருப்பி அனுப்புகிற வெள்ளை கூல் ரூஃப் ஓடு பதித்தோம். அந்த ஏப்ரல் கடைசியில் ஈரோட்டில் 42 டிகிரியைத் தாண்டிய நாட்களில்கூட, பத்தரை மணிக்கெல்லாம் மீட்டர் 500க்கு இறங்கிவிட்டது. ராத்திரிக்கு 4 யூனிட். வீடு கட்டுகிறவர்கள் ஏசிக்கு ஒதுக்குகிற காசில் ஒரு பங்கைத் தளத்துக்கு மாற்றிவிடுங்கள்.

பக்கத்தில் தறிக்கூடம் இருப்பதால் பஞ்சுத்தூசி அதிகம். பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவாவிட்டால் வாட் ஏறுவது மீட்டரில் தெரியும். வெளி யூனிட்டையும் மேற்குச் சுவரிலிருந்து வடக்குக்கு மாற்றினோம்.

2025 ஏப்ரல், மே கணக்கு 540 யூனிட். அப்போதைய கட்டணப்படி 500ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரைக்குமான பாதி விலைச் சலுகை போய்விடும், 500க்கு மேல் ஓடுகிற யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல். எனவே அந்த 40 யூனிட்டையும் குறைத்தாக வேண்டும். மிச்சம் இருப்பது மேல் அறையின் மேற்கு ஜன்னல். மாலை நாலு மணி வெயில் கண்ணாடி வழியாக நேரே கட்டில்மேல் விழுகிறது. திரை போட்டும் பயனில்லை, சூடு உள்ளே வந்த பிறகுதானே திரை மறைக்கிறது. வரும் பங்குனிக்குள் ஜன்னலுக்கு வெளியே சாய்வாகத் தென்னந்தடுக்கு கட்டித் தருவதாக அப்பா சொல்லியிருக்கிறார்.